தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் பக்கத்தில் எங்கள் தண்ணீர்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா என்னைவிட நலம். நீயும் தங்கச்சியும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரை நகராட்சி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருபத்தைந்து வருடத்துக்குக் கொடுத்தது உனக்குத் தெரியும். கொடுத்தபோது நானும் கைதட்டினேன். முதல் வாரமே தெருமுனைப் பொதுக்குழாயைப் பிடுங்கினார்கள். இரண்டாவது வாரம் வீட்டுக்கு வீடு புது மீட்டர் வைத்தார்கள். அந்த மீட்டர் தண்ணீருக்கு முன்னால் வரும் காற்றுக்கும் சேர்த்துச் சுற்றியது. காலையில் குழாயைத் திறந்தால் கால்மணி நேரம் 'புஸ்ஸ்' என்று காற்று வரும், மீட்டர் ராட்டினம் மாதிரி ஓடும். புகார் எண்ணுக்குக் கூப்பிட்டேன். எந்த நாட்டிலோ உட்கார்ந்திருந்த ஒரு பெண், அத்தனை மரியாதையாக, காற்றின் நிறம் என்ன என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊரே நகர்மன்றத்தில் போய் நின்றது. ஒழுங்காகத் தண்ணீர் விடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நகராட்சி போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். தலைவரும் எடுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அதற்குள் கம்பெனி வக்கீல் எழுந்து, நம் அரசாங்கம் அவர்கள் நாட்டோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டிருக்கிறது, அதன்படி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு முறை திறந்துவிட்ட சேவையைத் திரும்ப மூட முடியாது, மூடினால் மீதி இருபத்துநான்கு வருட லாபத்தையும் நஷ்டஈடாகக் கேட்டு வெளிநாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்றார். தலைவர் உட்கார்ந்துவிட்டார். நானும் வீட்டுக்குக் கிளம்ப எழுந்தேன்.

உன் அக்கா மட்டும் அந்த வக்கீலிடம் போய், அந்த வணிக ஒப்பந்தத்தை எங்கே படிக்கலாம் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, அரசாங்க இணையதளத்தில் கிடக்கிறது, ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றார். பாவம், முப்பத்திரண்டு வருடம் அரசு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவளிடம் அதைச் சொல்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மொத்தத்தையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினாள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் உரக்கப் படித்தேன்; நாற்பதாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். இதில் என்னதான் தேடுகிறாய் என்று கேட்டதற்கு, பென்சிலைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"இந்த ஒப்பந்தத்துல எதையெல்லாம் பேர் சொல்லி விலக்கலையோ, அதெல்லாம் திறந்துவிட்டதா அர்த்தம். அதனால விலக்கின பட்டியலைத்தான் தேடறேன்."

பதினெட்டாம் நாள், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் பக்கம், இணைப்பு இரண்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: குடிநீர் சேகரிப்பு, சுத்திகரிப்பு, விநியோகம் ஆகியவற்றில் எந்த முடிவையும் எடுக்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நஷ்டஈட்டு விதி இவற்றுக்குப் பொருந்தாது. நானாயிருந்தால் தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பேன். அவள் ஓரத்தில் ஒரு சின்ன 'டிக்' போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எனக்கே மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாள். ஏன் என்று கேட்டால், "பின்னால இன்னும் இருநூறு பக்கம் இருக்கே, அதுல எங்கயாவது இதை ரத்து பண்ணியிருந்தா?" என்கிறாள். மச்சான், அந்த மூன்று நாளும் என் எதிரில் சாதாரணமாக உட்கார்ந்து, நடுநடுவே செய்தித்தாளும் படித்தாள். இப்படியும் ஒரு மனுஷி!

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"பக்கம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, பத்தொன்பதாவது வரி. நீங்க படிக்கிறீங்களா, நான் படிக்கட்டுமா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தலைமையகத்தைக் கேட்டுச் சொல்வதாக முனகினார்.

"கேளுங்க. அந்த வரியில ஒரு கால்புள்ளி தப்பான இடத்துல விழுந்திருக்கு, அதையும் சொல்லிடுங்க."

பதினொன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டே மாதத்தில் கம்பெனி பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. தெருமுனைக் குழாய் திரும்பி வந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் உன் அக்காவைப் பார்த்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிடுகிறார்கள். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். உண்மையைச் சொன்னால், கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பெருமையாக எதையும் தூக்கியதில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் எதையும் முழுசாகப் படிக்கும் புத்தியோடு வளர எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் பெருமைமிகு கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது நகர்மன்றத் தலைவர் வந்தார். எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்த நகராட்சி ஆட்கள் மூன்று பேர்தானாம். மூவரும் கம்பெனியிலேயே நல்ல வேலையில் தங்கிவிட்டார்களாம். அதனால் வால்வு திறந்து மூடும் வேலையை மட்டும் அதே கம்பெனிக்கு ஐந்து வருடத்துக்குக் கொடுத்து, இன்று காலை கையெழுத்தும் போட்டாயிற்றாம். நாலே பக்கம்தான், அக்கா பார்க்கக்கூடத் தேவையில்லை என்கிறார். உன் அக்கா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அந்த நாலு பக்கத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.