மண் வேண்டாம், காற்று போதும்

குழந்தையைக் கொஞ்சுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாயைக் கொஞ்சுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். கள்ளியைக் கொஞ்சுகிற ஓர் இனம் இருக்கிறது, தெரியுமா? ஜன்னலோரச் செடிக்காரர்கள் என்று எங்களைச் சொல்லலாம். ஆமாம், எங்களை. ஒளித்து என்ன ஆகப்போகிறது?

எங்களை அடையாளம் காண்பது எளிது. கோப்பை உடைந்தால் வீட்டில் எல்லோரும் வருந்தும்போது ஒருவன் மட்டும் முகம் மலர்ந்து ஓடிவந்து, கைப்பிடி போன துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "அடியில ஒரு ஓட்டை போட்டா போதும்" என்பான். பிறந்தநாள் வீட்டில் கேக்கை விட்டுவிட்டு அது வந்த தகர டப்பாவைக் கேட்டு வாங்கிவருவான். எரிந்துபோன பல்பு, மூடி போன மூக்குக்கண்ணாடிக் கூடு, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, எதைக் கண்டாலும் அதற்குள் மூன்று விரல் உயரத்தில் ஒரு செடியைக் குடிவைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பான். அந்தத் தலைச்சாய்வுதான் எங்கள் முத்திரை.

வைத்த பிறகு என்ன செய்வோம்? ஒன்றும் செய்ய மாட்டோம். அதுதான் வேலையே. சதைப்பற்றுச் செடி குடித்த தண்ணீரைத் தடித்த இலைகளில் பதுக்கிக்கொண்டு வாரக்கணக்கில் வாய்மூடி இருக்கும். அன்பு மிகுந்து ஒரு குவளை கூடுதலாக ஊற்றினால் அழுகிவிடும். எனவே காலையில் ஊற்றாமல் இருப்போம். மாலையில் வீடு திரும்பியதும் மறுபடி ஒரு தடவை ஊற்றாமல் இருப்போம்.

இது அம்மாக்களுக்குப் புரிவதில்லை.

"பாவம்டா, வாடிப்போய் கிடக்கு. ஒரு வாய் தண்ணி ஊத்தவா?"

"வேணாம்மா. அது அப்படித்தான் இருக்கும்."

"யாரு கிட்டயும் பேசாம, மூலையில, முறைச்சுக்கிட்டு?"

"ஆமா."

"இந்த வீட்டுல அப்படி ஒண்ணு போதாதா?"

என்னிடம் நவீன கவிதைத் தொகுப்புகள் முப்பத்திரண்டு இருக்கின்றன. படித்து உருகியவைதான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: மெலிந்தவை, தட்டையானவை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தொட்டியை வெயிலின் உயரத்துக்கு ஏற்றித் தருபவை. ஈரம் பட்டு இரண்டு தொகுப்புகளில் அட்டை உப்பியிருக்கிறது. கவிஞர்கள் மன்னிக்கட்டும்; செடி மன்னிக்காது.

எங்கள் இனத்தில் முற்றிய நிலை ஒன்று உண்டு. காற்றுச் செடி. மண்ணே கேட்காது; கம்பியில் செருகலாம், சுவரில் மாட்டலாம். நான் ஒரு பழைய படச்சட்டத்தில் கம்பிவலை பூட்டி, தாய்ச்செடி ஒன்றையும் அது ஈன்ற குட்டிகளையும் அதில் செருகி, குடும்பப் புகைப்படம் போலக் கூடத்தில் மாட்டியிருந்தேன். என் வீழ்ச்சி தொடங்கியது அந்தக் குட்டிகளால்தான்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு, அதாவது புரூஃப், திருத்துகிறேன். அடுத்த மேசையில் புத்தக அட்டைகள் வடிவமைக்கும் பெண். ஒன்றரை ஆண்டாக அவளிடம் "குட் மார்னிங்" வரை முன்னேறியிருந்தேன். ஒரு நாள் துணிந்து, ஒரு குட்டியைக் கடற்சிப்பியில் உட்காரவைத்துக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன.

"இதுக்கு மண்ணு வேணாம்."

"அட!"

"காத்து போதும்."

அவள் சிரித்துவிட்டாள். மூன்றாவது வாக்கியத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். அந்த மூன்றாவது வாக்கியம்: வாரம் ஒரு முறை அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

ஒரு காற்புள்ளி விடுபட்டால் பக்கத்தையே திருப்பி அனுப்புகிறவன் நான். விடுபட்டது ஒரு வாக்கியம். மறுநாள் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் கூச்ச சுபாவிகளைப் பார்த்ததில்லை. மறுநாள் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று வரும். அடுத்த வாரம் சொன்னால் கேட்கவே வேண்டாம். நாள் ஏற ஏற வாக்கியம் கனத்துக்கொண்டே போனது. செடி இலேசாகிக்கொண்டே வந்தது. இரண்டாம் மாதம் நுனிகள் பழுப்பேறிச் சுருண்டு, செத்தது.

சொன்னேனா? மறுநாள் எல்லோரும் வருவதற்கு முன்னால் அலுவலகம் போய், அதே அளவில், அதே சாய்வில் இன்னொரு குட்டியைச் சிப்பிக்குள் வைத்தேன். பெருக்க வந்த அக்கா கையும் களவுமாகப் பிடித்தார்.

"என்ன தம்பி, அந்தப் பொண்ணு மேசையில திருடுறியா?"

"இல்லக்கா, வைக்கிறேன்."

"திருட்டுத்தனமா வைக்கிறவன இப்பத்தான் பாக்குறேன். செத்தத இப்படிக் குடு, குப்பையில போடறேன். நீ குழி வெட்டிப் புதைச்சாலும் புதைப்ப."

இரண்டு மாதம் கழித்து மூன்றாவது. இன்னும் இரண்டு மாதத்தில் நான்காவது. வீட்டுச் சட்டத்தில் பல் விழுந்த வாய் போல இடைவெளிகள்.

"யாருக்குடா போகுது ஒவ்வொண்ணா?" என்றாள் அம்மா.

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாத ஒருத்திக்கு இவ்வளவா?"

இதற்குள் அட்டைக்காரி அலுவலகத்தின் செடி ஆலோசகர் ஆகியிருந்தாள். பைண்டிங் பிரிவிலிருந்தெல்லாம் வந்து கேட்டார்கள். "ஒரு சொட்டு தண்ணி ஊத்தினதில்லைங்க. கை ராசி!" என்பாள். நான் தலை நிமிராமல் எழுத்துப்பிழை தேடுவேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது, அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று. அன்றே கடைசி நாள். அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சிப்பியை எடுத்தாள். அந்த ஊருக்கு விடியற்காலையில் போய் நான் எப்படி மாற்றிவைப்பேன்? இரண்டே மாதம், செடியும் சாகும், அந்தக் கை ராசியும் சாகும். என்னைப் பற்றி நினைக்க அவளிடம் இருக்கும் ஒரே பொருளும் குப்பைக்குப் போகும்.

எழுந்துபோனேன்.

"அதுக்குத் தண்ணி வேணும்."

"எதுக்கு?"

"செடிக்கு. வாரத்துக்கு ஒரு தடவை. அரை மணி நேரம் முக்கி வைக்கணும்."

"ஆறு மாசமா ஊத்தாமத்தானே நல்லா இருக்கு, புரூஃப் சார்?"

"இது நாலாவது."

செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மத்த மூணு?"

"போயிடுச்சு. நான்தான் மாத்தி மாத்தி வச்சேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வரல."

"அடப்பாவி! ஊரெல்லாம் உபதேசம் பண்ணிட்டேனே! ஒரு வாக்கியம் பேசுறதுக்கு மூணு உயிரையா காவு குடுப்பீங்க?"

கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"அங்க இது செத்துப்போனா மாத்திவைக்க வராதீங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "சும்மா வாங்க."

வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வாக்கியம் அது. திருத்த ஒன்றுமே இல்லாதது. அதற்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா?

"ஏசி காத்து நேரா படாம வைங்க."

வாசகரே, அந்தப் பதிலைப் படித்ததும் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கத் தோன்றியதா? நீங்கள் நல்ல மனிதர், போய்வாருங்கள். "முக்கி எடுத்ததும் தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்தச் சொல்லவில்லையே, அடிப்பகுதி அழுகிவிடுமே!" என்று பதறியதா? வாருங்கள், வாருங்கள், உள்ளே வந்து உட்காருங்கள். அந்த நாற்காலியில் மட்டும் வேண்டாம். அதில் ஒன்று வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது.