நான் செம்பூரில் தண்ணீர் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆதாரம் கேட்கிற ஆளிடம் சொல்லக் கூடாது. இந்த ஞானம் எனக்கு இருபத்தாறாவது வயதில், ஓர் ஆன்லைன் இன்டர்வியூவில் கிடைத்தது.

அப்போது மும்பையை ஒட்டிய வாஷியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் கிடக்கும் சுடுதண்ணீரை மேலே கொண்டுவந்து, குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் வேலை ஊருக்கு ஊர் தொடங்கியிருந்தது. தரையை அதிரவைக்கும் பெரிய லாரிகளைத் தெருத்தெருவாக ஓட்டி, அடியிலிருந்து திரும்பி வரும் அதிர்வைப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுகளைத் திரையில் கோடு கோடாகப் பார்த்து, எங்கே என்ன பாறை இருக்கிறது என்று சொல்வது எங்கள் வேலை. ஹாலந்தில் ஓர் ஊருக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் டீ எங்கே கிடைக்கும் என்று தெரியாது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

அங்குள்ள ஒரு கம்பெனி களப்பணிக்கு ஆள் எடுத்தது. இன்டர்வியூ செய்த டச்சு அம்மையார், "களத்தில் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நிறைய," என்றேன். (கல்லூரியில் மற்றவர்கள் சர்வே செய்தபோது பேராசிரியருக்குக் குடை பிடித்திருக்கிறேன்.)

"நல்லது. நீங்களே எடுத்த ஒரு பதிவைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்."

அன்று வியாழன். வெள்ளிக்கிழமை கல்லூரி லேப் உதவியாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பன்னிரண்டு ஜியோபோன்களையும், கேபிளையும், பதிவுக் கருவியையும் வாங்கிவந்தேன். ஜியோபோன் என்பது கைக்கடக்கமான ஆரஞ்சு டப்பா. அடியில் ஒரு கூரான ஆணி இருக்கும். வரிசையாக மண்ணில் குத்திவிட்டு, ஓர் இரும்புத் தகட்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால், அதிர்வைப் பிடித்துக்கொள்ளும். மும்பையில் நீளமாக மண் தரை எங்கே இருக்கிறது? எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது.

அப்பா இரண்டு மாதம் முன்புதான் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டிக்குச் செக்ரட்டரி ஆகியிருந்தார். டிராம்பே பக்கம் ஒரு ரிஃபைனரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்ததைவிட, செக்ரட்டரி ஆனதுதான் அவருக்குப் பெரிய விஷயம்.

"ஏட்டி, எவ்வளவு நேரம் ஆவும்?"

"அரை மணி நேரம்ப்பா."

"சரி, அடிச்சுக்க. நான் பெர்மிஷன் குடுத்தாச்சு."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் நட்டு முடித்தேன். தலையில் மஞ்சள் ஹெல்மெட் (அப்பாவுடையது, காதுவரை இறங்கியது). சம்மட்டியை நான் ஓங்கியபோது இரண்டாவது மாடி சங்கரன் மாமா பால் பாக்கெட்டோடு வந்து நின்றார். பாலக்காட்டுக்காரர், பேங்கில் கிளார்க்காக இருந்தவர். இருபது வருடமாக எங்கள் கட்டடம் இடிக்கப்படும் நாளுக்காகக் காத்திருப்பவர்.

"என்ன கொழந்தே இது?"

"பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கறேன் மாமா. கொஞ்சம் அசையாம நில்லுங்க. நீங்க நடந்தா இதுல பதிவாயிடும்."

மாமா அசையாமல் நின்றார். ஆனால் வாய் அசைந்தது. "அப்போ பில்டர் ஆள் அனுப்பியாச்சாக்கும்."

அவர் நின்ற இடத்திலிருந்தே மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்து இதை அறிவித்தார். பத்து நிமிடத்தில் பாதிக் கட்டடம் கீழே வந்துவிட்டது. ஒவ்வொரு படி இறங்கலும் என் திரையில் நிலநடுக்கமாக விழுந்தது. பழைய கட்டடத்தை இடித்து, குடியிருப்பவர்களுக்குப் பில்டர் புது வீடு கட்டிக்கொடுக்கும் ரீடெவலப்மென்ட் என்ற ஒரு வார்த்தைக்கு, செம்பூரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கூட எழுந்து வருவார்.

"டூ பெட்ரூம் கெடைக்குமோன்னோ?" என்று மாமா கேட்டார்.

"மாமா, இது அதுக்கில்ல."

"சரி சரி, ரகசியமா வச்சுக்கோ."

நான் அப்பாவைப் பார்த்தேன். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவரைச் சுற்றி இருபது பேர் "செக்ரட்டரி சாப்" என்று நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா தொண்டையைக் கனைத்தார். "மொதல்ல மண்ணு எப்படி இருக்குன்னு பாக்கணும்லா. மத்ததெல்லாம் பொறவு பேசுவோம்," என்றார்.

அதற்கப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே. "யாரும் அசையாதீங்க" என்றதும் நாற்பது பேர் சிலையானார்கள். நான் சம்மட்டியைத் தூக்கி அடித்தேன். பதிவு சுமாராக வந்தது. கூட்டத்தின் முன்னால் சுமாராக இருக்க மனம் ஒப்பவில்லை. தகட்டைத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரமாக, மண் நன்றாக இறுகிய இடத்துக்குப் போனேன். மண் அங்கே மட்டும் ஏன் அப்படி இறுகியிருந்தது என்று ஒரு புவி இயற்பியலாளர் யோசித்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் புவி இயற்பியலாளர் யாரும் இல்லை.

முதல் அடி, இரண்டாவது அடி. மூன்றாவது அடிக்குத் திரையில் அப்படியொரு அலை. வாழ்நாளில் நான் பார்த்த மிக அழகான பதிவு அது. "வந்துருச்சு," என்று கத்தினேன்.

வந்துதான் இருந்தது. தகட்டின் ஓரத்திலிருந்து முதலில் ஒரு கொப்பளிப்பு. பிறகு என் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர்.

யாரும் அசையவில்லை. நான்தானே அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சங்கரன் மாமா மட்டும் மெதுவாகக் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார்.

"பச்சத் தண்ணி," என்றார்.

முனிசிபாலிட்டி தண்ணீர் விடும் நேரம் அது. கட்டடத்தின் முப்பத்திரண்டு வீட்டுக்கும் போகும் பழைய இரும்புக் குழாய், அரை அடி ஆழத்தில், நான் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்திருக்கிறது. கூட்டம் ஒரே குரலில் வால்வை மூடு என்றது. வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மண்ணுக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிப்பதற்கென்றே பட்டம் வாங்கிய நான், பன்னிரண்டு கருவிகளோடு தேடினேன். கடைசியில் வாட்ச்மேன் ஷிண்டே செருப்புக் காலால் கேட் அருகே மண்ணைத் தள்ளி, "இதர் ஹை, தீதி," என்று வால்வைக் காட்டினார்.

அதற்குள் தண்ணீர் விடும் நேரமே முடிந்துவிட்டது. பாதிப் பேர் பல்கூடத் துலக்கியிருக்கவில்லை. டேங்கர் வர மதியம் ஆனது. அதுவரை நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பாதுகாப்புக்காகத்தான்.

மாலையில் அவசரக் கூட்டம். யார் இந்தப் பெண்ணை இடிக்கச் சொன்னது என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்திருப்பதற்குள் அப்பா எழுந்தார்.

"உத்தரவு குடுத்தது நான்தான். பில்டரும் வரல, ஒருத்தனும் வரல. அவ அப்பமே இல்லன்னுதான் சொன்னா. எனக்குத்தான் அதைச் சொல்ல வாய் வரல. தப்பு என் மேலதான்."

இரண்டு மாத செக்ரட்டரி பதவி அங்கேயே முடிந்தது. படியேறும்போது, "பொறவு, அந்த டச்சு அம்மாவுக்கு என்னத்த அனுப்பப் போற?" என்று மட்டும் கேட்டார்.

அவர் அப்படி எழுந்து நின்று சொன்னபிறகு என்னால் பொய்யை இன்னும் நீட்ட முடியவில்லை. அந்த அழகான பதிவை அனுப்பி, கூடவே உண்மையையும் எழுதினேன்: களத்தில் வேலை செய்ததில்லை, இதுதான் முதல் தடவை, மூன்றாவது அடிக்குப் பிறகு நிற்காமல் தெரியும் அதிர்வு எங்கள் குடிநீர். என் அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வேலை கெடைச்ச மாதிரிதான்," என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

களப்பணி கிடைக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த அம்மையார் மறுபடி அழைத்தார். லாரிகள் தெருவில் இறங்குவதற்கு முன், அந்த ஊரின் குழாய் வரைபடங்களையெல்லாம் வாங்கிப் பார்த்து, எங்கே அதிரவைக்கக் கூடாது என்று குறித்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம். "குழாய்க்குப் பயப்படுகிற ஆள் வேண்டும். உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்," என்றார்.

இது எனக்கு ஹாலந்தில் மூன்றாவது குளிர்காலம். இதுவரை ஒரு குழாயும் உடையவில்லை. வருடத்துக்கு ஒரு முறை லீவில் செம்பூர் வருகிறேன். டாக்ஸியிலிருந்து நான் ஒரு காலைத் தரையில் வைத்ததும், இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து சங்கரன் மாமா மொத்தக் கட்டடத்துக்கும் கேட்கக் குரல் கொடுப்பார்:

"எல்லாரும் பக்கெட்டை ரொப்பி வச்சுக்கோங்கோ. கொழந்தை வந்தாச்சு."