பஸ்ரியாம்பிள்ளை வீட்டுத் தகுதிச் சுற்று

அன்று பின்னேரம் ஊர்காவற்துறையில் பஸ்ரியாம்பிள்ளையின் முற்றத்தில் நின்றவர்கள்: தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சொந்தக்காரரான பஸ்ரியாம்பிள்ளை, அதை இயக்கும் லொறி பற்றரிக்குச் சொந்தக்காரரான மார்க்கண்டு, சரவணையிலிருந்து சைக்கிளில் வந்த பெடியன்கள், அனலைதீவிலிருந்து வள்ளத்தில் வந்தவர்கள், உள்ளூர்ப் பெடியன்கள், அவர்களோடு நின்ற, ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் லியோன். யன்னலுக்குப் பின்னால் பஸ்ரியாம்பிள்ளையின் மகள் கிறேஸ் நின்றாள். அவளைக் கணக்கில் சேர்த்தவன் லியோன் மட்டுந்தான்.

சவூதியில் நடக்கும் உலக இளைஞர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் மறுநாள் இரவு. முன் அறையில் ஏழு பேர்தான் இருக்கலாம். முற்றத்துக் கூட்டத்தைப் பார்த்த பஸ்ரியாம்பிள்ளை, ஒருவருமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

லியோன் மட்டும் முற்றத்தை விட்டு நகரவில்லை. இறுதியாட்டம் முடிந்து விடிந்தால் கிறேஸ் கொழும்புக்குப் போகிறாள். அங்கிருந்து கனடாவுக்கு, தமையனிடம். இத்தனை காலமும் கோயில் வாசலில் பேசியது இரண்டொரு சொல். அந்த வீட்டுக்குள் ஒருமுறை போய், அவள் கையால் ஒரு தேத்தண்ணி வாங்க வேண்டும். போகாதே என்று சொல்லத் துணிவு வராவிட்டாலும், கடிதம் போடு என்றாவது சொல்ல வேண்டும்.

“உலகத்தில செய்யிற மாதிரிச் செய்வம் ஐயா,” என்றான். “அங்கையும் எல்லா நாட்டையும் விடுறேல்லை. அடிபட்டு வெண்டவைதான் போகினம். போட்டியை நடத்துற நாடு மட்டும் அடிபடாமல் உள்ளை.”

நடத்துகிற ஊர் என்றபடியால் தன் ஊருக்கு இடம் நிச்சயம் என்பது அவன் போட்ட கணக்கு.

“நல்ல யோசினை,” என்றார் பஸ்ரியாம்பிள்ளை. “வீடு என்ரை, பற்றரி மார்க்கண்டரின்ரை. நாங்கள் ரெண்டு பேரும் அடிபடாமல் உள்ளை. மிச்சம் அஞ்சு இடம். அஞ்சு பேர் கொண்ட குழுவாய் அடிபடுங்கோ.”

லியோனுக்குப் பந்து விளையாடத் தெரியாது. கெஞ்சியதில் உள்ளூர்க் குழு அவனைக் கோல் காக்க விட்டது.

மறுநாள் காலை வேலை முடிந்ததும், அன்றிரவுக்கு லீவு சொல்லிவிட்டு நேரே மைதானத்துக்குப் போனான். ஒரு கோல் முன்னே நிற்கையில் சரவணைக்காரர் கடைசியாக அடித்த பந்து அவன் மூக்கில் பட்டு வெளியே போனது, அதனால் வெற்றி. அனலைதீவோடு சமனாக நிற்கையில் காற்றுக் கிளம்பியது. வள்ளக்காரர் கூப்பிட, அவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் துறைக்கு ஓடினார்கள். உள்ளூர் தகுதி பெற்றது.

தோற்ற சரவணைக்காரர் போகவில்லை. யாராவது மூத்திரத்துக்கு வெளியே வந்தால் அந்த இடத்தில் தாங்கள் புகுவோம் என்று வேலிப் படலை வாசலில் நின்றார்கள். பஸ்ரியாம்பிள்ளை மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தப் பார்த்தார்.

வீங்கிய மூக்கோடு லியோன் அதற்கும் வழி சொன்னான். “கதவைப் பூட்டித் திறப்பை நீங்களே வைச்சிருங்கோ ஐயா. கப் குடுக்கும் மட்டும் ஒருத்தரும் உள்ளை வரவும் ஏலாது, வெளியை போகவும் ஏலாது.”

“உமக்கு மூளை இருக்கு,” என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

வீட்டுக்குப் போனால் நேரம் போய்விடும் என்று கோயில் கிணற்றிலேயே குளித்து, கூட்டாளியின் சேர்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, பொழுதுபட அந்த வாசற்படியைக் கடந்தான்.

முன் அறையில் கதிரைகள். மூலையில் கட்டி வைத்த ஒரு சூட்கேஸ். குசினிப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. லியோன் எழுந்தே நின்றான்.

தேத்தண்ணித் தட்டோடு வந்தவள் பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி. அவன் கண் அவளுக்குப் பின்னால் தேடியதை அவள் கண்டாள்.

“கிறேஸோ? இவ்வளவு பெடியளுக்கு நடுவில குமர்ப்பிள்ளையை வைச்சிருக்க ஏலுமே, தம்பி? சித்தி வீட்டை போ எண்டனான். மாட்டன், லியோனின்ரை அம்மாவோடதான் நிப்பன் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டு, மத்தியானமே உங்கடை வீட்டை போயிட்டாள்.”

அவனுக்குப் பின்னால் பஸ்ரியாம்பிள்ளை கதவைச் சாத்திப் பூட்டினார்.