தலைப்பாரம் இறக்கும் தராசுச் சாமி

றொசல்ல ஸ்டேசனில் ரயில் நின்றால் முந்தியெல்லாம் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான் இறங்குவார்கள். இப்போது பெட்டியே காலியாகிறது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு மலையைக் காட்டுகிறார்கள். மேலே தராசுச் சாமி இருக்கிறாராம். தலையை நிறுத்துப் பார்த்து, உள்ளே ஏறியிருக்கிற பாரத்தை இறக்கிவிடுகிறாராம்.

சிரிக்காதீர்கள். டயகமவிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். படித்த மாஸ்டர்மார்கூட ஒற்றைத் தலைவலியோடு வரிசையில் நின்றார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பொம்பளைகளுக்குக் கணக்கே இல்லை. நாளெல்லாம் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவளுக்குத் தலை வலிக்காமல் வேறெது வலிக்கும்? கயிற்றைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தோஷம் என்றார் சாமி. ஆமாம் சாமி, தோஷம்தான் என்றார்கள்.

சாமியின் பேர் சிவசாமி. போன வருஷம்வரை அட்டன் பஸ் ஸ்டாண்டில் எலி மருந்து விற்றவர். எலிகள் அவரை நம்பவில்லை. மனுஷர்கள் நம்பினார்கள்.

சாமியின் தொழிலுக்கு மூலதனம் ஒரு முள்ளுத் தராசு. தோட்டத்துக்கு எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய இரும்பு என்று கழித்துப் போட்ட தராசு அது. அதை வாங்கி, குங்குமம் அப்பி, மேலே பட்டுத்துணி போர்த்தி, கோயிலடி மரத்தில் தொங்கவிட்டுவிட்டார். நோயாளி பாயில் படுக்க வேண்டும். தலையைத் துணித் தூளியில் வைத்துத் தராசின் கொக்கியில் மாட்டுவார். முள் ஓடும். "ஐயோ, என்னா பாரம்!" என்பார். அப்புறம் பூசை, புகை, மந்திரம். திரும்ப நிறுத்தால் பாரம் பாதிதான் இருக்கும். சனம் கோவிந்தா போடும்.

ஒரு கட்டளை உண்டு. கொக்கி வெறுமனே தொங்கக் கூடாது. தலை இல்லாத நேரமெல்லாம் ஒரு தேங்காய் தொங்க வேண்டும். வெறும் கொக்கியில் பேய் வந்து ஊஞ்சல் ஆடுமாம்.

அந்த வரிசையில் ஒரு நாள் காலை ஜீவராணியும் நின்றாள். புருஷன் விஜிதரனைக் கைத்தாங்கலாய்ப் பிடித்துக்கொண்டு, மாமியார் இழுத்த இழுப்புக்கு.

விஜிதரன் கொழும்பில் பெரிய கிளப் ஒன்றுக்குச் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடுகிறவன். ஒரு மேட்சில் கோர்னர் கிக் வந்தது. தலையால் முட்ட எகிறினான். எதிர் டீம்காரனும் எகிறினான். மண்டையும் மண்டையும் மோதியதில் விழுந்து எழும்பியவன், "நான் எந்த டீம்?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரி டொக்டரம்மா ஜீவராணியை உட்கார வைத்துச் சொன்னாள். "மூளை குலுங்கிப் போயிருக்கு. வெளியில காயம் இல்லன்னு ஏமாந்துறாதீங்க. வலி, மயக்கம் எல்லாம் போகணும். அப்புறம் மெதுவா நடக்கட்டும், ஓடட்டும், பந்தைத் தொடட்டும். ஒவ்வொரு படியிலயும் தலை நோகாம இருந்தாத்தான் அடுத்தது. மேட்ச் கடைசியில, அதுவும் நாங்க பாத்துச் சொன்னாத்தான். அதுக்கு முந்தி இன்னொரு அடி விழுந்துச்சுன்னா ஆளே மிஞ்ச மாட்டாரு."

ஆனால் கிளப்பில் அவன் இடத்தில் வேறொருத்தன் கோல் போட ஆரம்பித்துவிட்டான். விஜிதரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்கு வந்து, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலில் சாக்கு மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறவன், சோற்றில் தேத்தண்ணியை ஊற்றிப் பிசைந்தவன், கிளப் டொக்டரிடம் வலியே இல்லை என்று சொல்லப் போகிறானாம். சாமி பாரத்தை இறக்கிவிட்டால் மத்தியானம் கொழும்பு பஸ். மறுநாள் மேட்ச்.

"கிளப்புல இன்னும் வலிக்குதுன்னு ஒரு பேச்சுச் சொன்னாத்தான் என்னா?" என்றாள் ஜீவராணி.

"வாய மூடு புள்ள," என்றாள் மாமியார் பேச்சியம்மா. "சாமி காதுல விழுந்துறப் போகுது."

"விழட்டுமே அத்தை. உங்க மகன் மறுபடி விழுந்தா சாமியா தூக்குவாரு?"

பேச்சியம்மா சாமி பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முறை வந்தது. விஜிதரனைப் படுக்க வைத்தார்கள். சாமி கண்ணை மூடினார். "கோர்னர் கிக் அடிச்சது ராகு காலம். எதிராளி மண்டையில இருந்த பில்லி இவன் மண்டைக்கு ஏறிருச்சு."

"பந்து ஏறாம பில்லி ஏறிருச்சாக்கும்," என்று ஜீவராணி முணுமுணுத்தாள்.

சாமி தேங்காயை இறக்கி, அதே கையோடு தலையை மாட்டினார். முள் ஏழு கிலோவில் நின்றது. சனம் உச்சுக் கொட்டியது. தலையை இறக்கித் தேங்காயை மாட்டினார். உடுக்கு அடித்தார். சாம்பிராணியை அள்ளிப் போட்டார். புகையில் விஜிதரன் குமட்டிக்கொண்டு திரும்பினான். "பாத்தீங்களா, பில்லி கத்துது!" என்றார் சாமி. பட்டுத்துணிக்குள் கையை விட்டுத் தராசின் உச்சிக்குக் குங்குமம் வைத்தார். திரும்பத் தலையை மாட்டினார். நாலு கிலோ!

"அரோகரா!" என்று சனம் எழும்பி நின்றது.

"போய் வெளையாடுடா ராசா. இனி பந்து மலையேறி வந்தாலும் முட்டு," என்றார் சாமி.

ஜீவராணி அரோகரா போடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது முள்ளை இல்லை, குங்குமம் வைத்த கையை. அவளும் கொழுந்து எடுத்தவள்தான். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பழைய தராசு இருந்த காலத்தில், கூடையை மாட்டுமுன் பொம்பளைகள் எல்லாரும் ஒரே குரலாய்க் கத்துவார்கள்: முள்ளு சைபர்ல நிக்குதா? தராசின் உச்சியில் ஒரு திருகாணி உண்டு. அதைத் திருகினால் முள் நகரும். கொழுந்து நிறுத்து எழுதுகிற கணக்கப்புள்ளை எத்தனை பேர் வயிற்றில் அதை வைத்து அடித்திருக்கிறான்!

புருஷன் தலையைத் தூளியிலிருந்து மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சாமி தேங்காயோடு பாய்ந்தார். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"கொக்கியை வெறுமனே விடாத! பேய் தொங்கும்!"

"தொங்கட்டும் சாமி. என்னா பாரம்னு பாப்போம்."

எல்லாரும் முள்ளைப் பார்த்தார்கள். கொக்கியில் வெறும் துணி. முள்ளோ சைபரைத் தாண்டிக் கீழே, அந்தப் பக்கம் இறங்கிக் கிடந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணுமில்லாததவிடக் குறைஞ்ச பாரம்!" என்றாள் ஜீவராணி. "காத்துக்கும் பில்லி எறங்கிருச்சோ சாமி?"

சாமி விழித்தார். "தராசுக்குத் தோஷம் தொத்திருச்சு..."

வரிசையிலிருந்து கொழுந்து எடுக்கிற வேலாயி முன்னுக்கு வந்தாள். எட்டிப் பட்டுத்துணியை உருவினாள். குங்குமம் பூசிய திருகாணி பல்லிளித்தது.

"அடப்பாவி! கணக்கப்புள்ள செஞ்சா களவு, நீ செஞ்சா பூசையா?"

"அவன நம்பாத நீங்க இவரை ஏன் நம்புனீங்க?" என்றாள் ஜீவராணி. "கொழுந்த நிறுக்கும்போது கத்துன வாய் தலையை நிறுக்கும்போது எங்க போச்சு?"

பொம்பளைகள் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார்கள். மாஸ்டர்மார் தரையைப் பார்த்தார்கள். சாமி மட்டும் மும்முரமாய் இருந்தார். உண்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

விஜிதரன் எழும்பப் பார்த்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டான். உலகம் சுற்றியது.

"வலி இல்லேன்னு பொய்தானே சொன்னேங்கிற?" என்றான் பெண்டாட்டியிடம்.

"எங்கிட்ட சொன்னதுகூடப் பரவாயில்லைங்க. நாளைக்கு மேட்ச்ல உங்க மண்டைக்கிட்டச் சொல்ல முடியுமா?"

விஜிதரன் மரத்தோடு நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். அப்புறம் போனை எடுத்தான். வெளிச்சம் குத்த, கண்ணை இடுக்கிக்கொண்டு கிளப் டொக்டரின் நம்பரைத் தேடினான். "சேர், நான் விஜிதரன். இல்ல சேர், சரியாகல. வலிக்குது, குமட்டிச் சத்தியும் வருது. நான் இப்ப பஸ் ஏறல." போனைக் காதோடு அழுத்தினான். "என் இடம் போனாப் போகட்டும் சேர்."

பேச்சியம்மா முந்தானையால் மகன் கண்ணுக்கு வெயில் மறைத்தாள். மூன்று பேரும் மெல்ல மலையிறங்கினார்கள்.

இனிச் சனம் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? அடுத்த கிழமையே புதுப் பேச்சு. நல்லதண்ணியில் ஒருத்தர் முதுகுவலிக்காரர்களின் நிழலுக்குப் பச்சிலைப் பத்துப் போடுகிறாராம், வலி பறந்துவிடுகிறதாம். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறார்கள். போய் வாருங்கள், மகாசனங்களே. ஜன்னல் ஓரமாய் இடம் பிடித்து, போகிற வழியிலாவது கொஞ்சம் யோசியுங்கள். அதற்குத் தனி டிக்கட் கேட்க மாட்டார்கள்.