துவக்கர் தேடிய துவக்கு

துவக்கு என்கிற துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு தெரிந்தும் துவக்கே இல்லாத இன்னொரு மனிதரை இந்த ரொறன்ரோவில் யாராவது காட்டினால், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். தொண்ணூறுகளில் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்குத் துவக்கர் என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயரைத் தபால் பெட்டியில்தான் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் வேலை செய்த கதவுத் தொழிற்சாலையின் ஃபோர்மன். ஒவ்வொரு இலையுதிர் காலமும் வடக்கே காட்டுக்குப் போய் க்ரவுஸ் என்ற காட்டுக்கோழி சுடுகிற வெள்ளைக்காரர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "அடுத்த முறை நீயும் வா. துவக்கு மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும்" என்றாராம். கலியாண வீடு, சாமத்திய வீடு தவிர இந்த நாட்டில் துவக்கரை யாரும் எங்கேயும் கூப்பிட்டது கிடையாது. மனிதர் உருகிப்போனார். வகுப்புக்குப் போனார், லைசென்சும் எடுத்தார். மிச்சம் துவக்கு வாங்குவது ஒன்றுதான்.

அந்த ஒன்றுக்குத்தான் எங்கள் கட்டடம் பாடுபட்டது. நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கப் போகிறவர்கள் அவரிடம் பாடம் கேட்காமல் திரும்ப முடியாது. கூட்டுகிற தும்புத்தடியில் ஈரத் துவாயைச் சுற்றி, பாரம் பார்த்து, தோளில் வைத்து, உலர்த்தும் இயந்திரத்தைக் குறி பார்த்தபடி நிற்பார்.

"தம்பி, பன்னிரண்டு கேஜ் உந்தக் கோழிக்கு அநியாயம். அடிச்சால் இறகுதான் மிஞ்சும். நாலு-பத்து எண்டு ஒண்டு இருக்கு, அது கைதேர்ந்தவைக்கு. இருபத்திரண்டு றைஃபிள் எண்டால் குண்டு மைல் கணக்கில போகும், அங்கால ஆர் நிக்கிறான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப எதை வாங்கப்போறியள், அண்ணை?"

"அதைத்தான் யோசிக்கிறன்."

அவருடைய மனைவிக்கு இதில் கவலையே இல்லை. "பல்கனியில புறாவுக்குச் சோறு வைக்கிற மனிசன் கோழி சுடப்போறாராம்" என்று கீரையை ஆய்ந்துகொண்டே சொல்வார்.

முதல் வருடம் புரட்டாசிச் சனி குறுக்கே வந்தது. ஃபோர்மனுக்குச் சனிக்கிழமைதான் லீவு. துவக்கருக்கோ சனிக்கிழமை விரதம், றிச்மண்ட் ஹில் கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும். புரட்டாசி முடிய ஒரு மழை வாரம். அதற்குப் பின்னால் கந்தசஷ்டி. சூரன் போர் முடிந்து பாரணை செய்தபோது காட்டில் பனி கொட்டிவிட்டது. உன்னுடைய கடவுள்களை இந்தக் கோழிகள் எப்படி வளைத்துப் போட்டன என்று ஃபோர்மன் கேட்டாராம்.

அடுத்த ஆவணியில் என்னைத் துவக்குக் கடைக்கு இழுத்துப் போனார். கட்டடத்தில் என் ஆங்கிலத்துக்கு அப்போது தேவைக்கு மிஞ்சிய மரியாதை இருந்தது. கடைக்காரர் பொறுமைசாலி. காடு அடர்த்தி, கோழி காலடியில் இருந்து படபடவென்று எழும்பி மறைந்துவிடும், ஆகவே பாரம் குறைந்த, குழல் கட்டையான துவக்குத்தான் சரி என்று விளக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். துவக்கர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"இதால மனிசரைச் சுட்டால் சாவினமோ எண்டு கேள்."

நான் அதை, பாதுகாப்பானதா என்று பூசி மெழுகிக் கேட்டேன். துவக்கருக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். என்னை ஒதுக்கிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நோ, நோ. மேன். மேன் டை?" என்றார். கடைக்காரர் துவக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார். கடை சாத்தப் போவதாகச் சொன்னார். அப்போது மத்தியானம்.

பஸ் தரிப்பிடத்தில் நான் பொரிந்து தள்ளினேன். பொலிசைக் கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரில என்னட்டை லைசென்ஸ் துவக்கு ஒண்டு இருந்தது, தம்பி. வயலுக்குக் காட்டுப்பண்டி வரும், அதுக்கு. ஒருநாள் இயக்கப் பெடியள் வந்து கேட்டாங்கள், குடுத்திட்டன். குடுக்காமல் இருக்கேலாது. அதுக்குப் பிறகு எங்க ஆரைச் சுட்டாலும் அந்தச் செத்த வீட்டுக்குப் போவன். றைஃபிள் குண்டோ, என்ரை துவக்கில போடுற மாதிரிச் சின்னச் சன்னமோ எண்டு விசாரிப்பன். சன்னம் எண்டு சொன்னால் அண்டைக்கு எனக்குச் சோறு இறங்காது."

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

"கோழியை மட்டும் கொல்லுற துவக்கு ஒண்டு செய்திருப்பாங்கள் எண்டு நினைச்சன். இது பெரிய நாடுதானே" என்றார்.

தனக்குத் துவக்கு வேண்டாம் என்று ஃபோர்மனிடம் போய்ச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. இனிமேல் தன்னைக் கூப்பிட மாட்டார் என்றுதான் நினைத்தார். ஃபோர்மன், "சரி, நடக்கவாவது வா. ஆனால் நான் எதைக் கொண்டுவர வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்" என்றாராம். துவக்கர் ஒரு கணமும் தயங்கவில்லை. இருபது கேஜ், இரட்டைக் குழல், நடுவில் மடிகிறது. "மடிச்சுக் கையில போட்டால் அது திறந்திருக்கெண்டு தூரத்தில வாறவனுக்கும் தெரியும்" என்று எனக்குக் காரணம் சொன்னார். ஃபோர்மன் அதையே வாங்கினார்.

அந்தப் புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபோர்மன் லீவு போட்டார். வெள்ளியும் மச்சம் மாமிசம் இல்லாத நாள்தான். சுடுவது அவர், தின்பது ஞாயிறு, ஆகவே குற்றமில்லை என்று துவக்கரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுடுகிறவர் கண்ணில் படும்படி தோடம்பழ நிறத் தொப்பி போட்டுக்கொண்டு ஃபோர்மனுக்குப் பக்கத்தில் நடந்தார். திரும்பி வரும்போது பையில் இரண்டு கோழிகள்.

ஞாயிற்றுக்கிழமை கறி வாசம் எங்கள் தளம் வரைக்கும் இறங்கி வந்தது. போனேன். ஃபோர்மன் முதல் ஆளாக நிலத்தில் சம்மணமிட முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். எனக்கு வைத்த கறியை நான் தொட முதல், "பொறு, தம்பி" என்று துவக்கர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலால் அமத்திப் பார்த்தார். மிளகு அளவுகூட இல்லாத ஒரு சன்னம் வெளியே வந்தது. சாசரில் போட்டார். இன்னொன்று வந்தது.

"பல்லு உடையுமெண்டே பாக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகக்கூடாது" என்றார்.

ஃபோர்மன் தட்டு, மனைவி தட்டு, எல்லாம் முடித்து அவர் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. மனைவி எழுந்து சுடு கறி கொண்டுவந்து ஊற்றினார். அவர் ரசித்துச் சாப்பிட்டார். சோறு இறங்கியது.

துவக்கர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. இன்றைக்கும் கோழிக் கறி முன்னால் வந்தால் உடனே கை வைப்பதில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் பொறுக்கிறேன்.