சுருட்டால் வந்த சித்தத் தெளிவு

பைத்தியத்தைத் தெளிய வைப்பது அரசாங்கத்தின் தலையாய கடமைகளில் ஒன்று. அந்தக் கடமையை முன்னிட்டு, கோலாலம்பூருக்கு வெளியே செமினி போகிற பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு விடுதியைக் கட்டினார்கள். உயரமாகச் சுவர் எழுப்பினார்கள். அப்புறம் உள்ளே வைக்க ஆள் தேடினார்கள். அகப்பட்டவர்களில் ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் கன்னையா.

கன்னையா ரயில்வேயில் கொடி காட்டுகிறவர். ஒரு நாள் அவர் காதுக்குள் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. "வண்டி வருது, கொடியைக் காட்டு" என்று அது சொல்லும். வராத வண்டிக்கெல்லாம் இவர் கொடி காட்டினார். அதே வராத வண்டிக்கு நேரம் குறித்துப் பலகையில் எழுதி மாட்டினவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடி காட்டினவரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நல்ல ஓய்வும் வேளைக்குச் சோறும் கிடைத்ததில் மனிதர் அடங்கிவிட்டார். ஞாயிறுதோறும் பார்க்க வரும் மனைவி புஷ்பவல்லியிடம், "அது இன்னும் பேசுது புள்ள. பேசிட்டுப் போகட்டும். நான்தான் இப்பல்லாம் காது குடுக்கிறதில்ல" என்றார்.

"அப்ப சீக்கிரம் வெளிய வாங்க. தீபாவளிக்குள்ள வேலைக்குத் திரும்பலன்னா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நானும் பிள்ளைங்களும் எங்க போறது?"

"நான் தெளிஞ்சாச்சு புள்ள. அவங்க தெளியணும்ல?"

அவர்கள் தெளிகிற நேரமாகப் பார்த்து விம்பர் துரை வந்து சேர்ந்தார். புது டாக்டர். வாயில் பைப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ஒரு நாள் புகை விட்டுக்கொண்டிருந்தபோது, தாம் யோசித்துக்கொண்டிருப்பதை அவரே கவனித்துவிட்டார். அபூர்வமான சம்பவம் அல்லவா, விடுவாரா? யோசனை வந்த நேரத்தில் வாயில் பைப் இருந்தது. ஆகவே புகைதான் அறிவு. ஆகவே பைத்தியத்துக்கு மருந்து புகையிலை.

விஞ்ஞானம் என்றால் நிரூபிக்க வேண்டும். வார்டில் வலப்பக்கக் கட்டில்காரர்களுக்கு அரசாங்கச் செலவில் சுருட்டு. இடப்பக்கத்தாரிடம் இருந்த சுருட்டும் பறிமுதல் என்று உத்தரவாயிற்று. கன்னையாவின் கட்டில் இடப்பக்கம். பாவம், அவர் சோறு இல்லாமல் ஒரு பொழுது இருந்துவிடுவார், சுருட்டு இல்லாமல் இருந்ததே இல்லை.

மறுநாளே பரீட்சை. துரை இங்கிலீஷில் கேட்க, யாழ்ப்பாணத்து டிரெசர் சண்முகரத்தினம் தமிழில் சொன்னார். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, துரை சொன்னதைத் தமிழாக்குவது எல்லாம் அவர் வேலை. வலப்பக்கத்தார் புகை விட்டுக்கொண்டே மணிமணியாகப் பதில் சொன்னார்கள். கன்னையாவின் முறை வந்தது.

"கன்னையா, திங்களுக்கு அடுத்த நாள் என்ன? யோசிச்சுச் சொல்லும்."

"சுருட்டு."

"நாட்டை ஆளுறது ஆர்?"

"எவன் கையில சுருட்டு இருக்கோ அவன்."

"உம்மட பெண்சாதியின்ர பேர்?"

"ஐயா, ஒரே ஒரு இழுப்பு குடுங்க. பேரு தானா வரும்!"

துரை பூரித்துப் போனார். புகை உள்ள பக்கம் அறிவு; புகை இல்லாத பக்கம் இருட்டு. இதைவிட என்ன வேண்டும்?

டிரெசர் தொண்டையைக் கனைத்தார். "சேர், பழகினவங்களிட்ட இருந்து திடீரெண்டு பறிச்சால் வேற நினைப்பே வராது. இது புத்திக் குறைவில்லை, ஏக்கம். உங்கட பைப்பை ஒரு நாளைக்கு என்னட்டத் தந்து பாருங்கோ..."

துரை முறைத்த முறைப்பில் வாக்கியம் பாதியில் நின்றது. அந்த வாரமே 'புகையும் அறிவும்' என்ற ஆராய்ச்சி லண்டனுக்குக் கப்பலேறியது. அங்கே அச்சும் போட்டுவிட்டார்கள்.

தீபாவளி நெருங்கியது. யாரை விடலாம் என்று பார்க்கப் பெரிய அதிகாரிகளின் கமிட்டி வந்தது. இதற்குள் கன்னையாவுக்குச் சுருட்டு ஆசை தன்னால் விட்டுப்போயிருந்தது. வலப்பக்கத்துப் புகை அடித்தாலே மூக்கைப் பிடித்துக்கொள்வார். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னார். கிழமை சொன்னார், மன்னர் பேர் சொன்னார், சிங்கப்பூர் வரைக்கும் ஸ்டேஷன்களை வரிசையாக ஒப்பித்தார். போதும், போதும் என்று கமிட்டியே கையெடுத்துக் கும்பிடும்படி ஆயிற்று.

துரையின் முகம் சுண்டிப் போனது. புகை இல்லாமல் ஒருவன் தெளிவாக இருந்தால் ஆராய்ச்சி பொய். ஆராய்ச்சியோ லண்டனில் அச்சாகிவிட்டது. அச்சானது பொய்யாக முடியாது. கமிட்டி தலையோடு தலை வைத்துப் பேசி முடிவுக்கு வந்தது. டிரெசர் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தமிழாக்கினார்: "மேற்படி கன்னையா விஞ்ஞானத்துக்கு விரோதமான முறையில் தெளிவாக இருக்கிறார். இது பைத்தியத்தின் முற்றிய நிலை. ஆகவே விடுவதற்கில்லை."

கன்னையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கதவோரம் நின்ற புஷ்பவல்லி அழவில்லை. விறுவிறுவென்று உள்ளே வந்து துரை காலில் தடாலென்று விழுந்தாள்.

"தொரே, என்னை மன்னிச்சிடுங்க! ஞாயித்துக்கிழமை தவறாம நான்தான் முந்தானையில ஒளிச்சுச் சுருட்டு கொண்டாந்து குடுத்தேன். இந்த மனுசன் குடிச்சுக்கிட்டேதான் இருந்தாரு!"

கன்னையா திறந்த வாயை மூடவில்லை. டிரெசர் அதை இங்கிலீஷில் சொன்னதோடு சும்மா இருந்திருக்கலாம். "இல்லை சேர், அது பொய்! வாசலில நிண்டு சோதிக்கிறது நான். ஒரு துண்டுப் புகையிலையும் உள்ளுக்கு வரேல்லை" என்றார்.

அவர் பேச்சை யார் கேட்டார்கள்? துரை ஓடிவந்து புஷ்பவல்லியை எழுப்பி, உட்கார நாற்காலி போட்டார். ஆராய்ச்சி பிழைத்தது. அன்று சாயந்திரமே கன்னையா பிரிக்பீல்ட்ஸில் தம் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். குவார்ட்டர்ஸும் தப்பியது.

அதற்குப் பிறகு ஊரில் பிடித்த மோகம் இருக்கிறதே, அப்பப்பா! புகையாத குமாஸ்தாவுக்கு மூளை போதாது என்று துரைமார் பேச, கிள்ளான் வரைக்கும் ஆபீசுகளில் புகை மண்டியது. இருமுகிறவர் ஆழ்ந்து சிந்திப்பதாக அர்த்தம். எதிரே இருக்கிற பைல் கண்ணுக்குத் தெரியாததால் யாரும் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை. முன்னேயும் போட்டதில்லை என்பதால் வித்தியாசமும் தெரியவில்லை.

தைப்பூசம் கழித்து, விடுதியில் உடனிருந்தவர்களைப் பார்த்துவர மனைவியோடு போனார் கன்னையா. வலப்பக்கம் ஜன்னலோரக் கட்டிலில், நோயாளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். டிரெசர் சண்முகரத்தினம்!

"ஐயா! நீங்க எப்படி இங்க?"

"ஆராய்ச்சி பிழையெண்டு மேலிடத்துக்கு எழுதினன். திரும்பத் திரும்ப எழுதினன். புகையை மறுக்கிறது சித்தப் பிரமையின்ர முதல் அறிகுறியாம். நாள்தோறும் சுருட்டு கொண்டு வந்து வைக்கினம். நான் தொடுறேல்லை." மேசைமேல் கிடந்த சுருட்டைத் தள்ளி வைத்தார். "வீட்டில என்ர பெண்சாதி புனிதவதி பிள்ளையளோட தனிய இருக்கிறா, கன்னையா."

கன்னையா அந்த அரசாங்கச் சுருட்டை எடுத்து, பக்கத்துக் கட்டில்காரரின் சுருட்டில் பற்ற வைத்து, டிரெசரிடம் நீட்டினார்.

"பேசாம வாங்கிக்குங்கய்யா."

"அது பொய்யெல்லே?"

"பொய்தான். நான் மட்டும் எப்படி வெளிய போனேன்னு நெனைக்கிறீங்க?"

டிரெசர் கன்னையாவைப் பார்த்தார், புஷ்பவல்லியைப் பார்த்தார், கடைசியாகப் பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்தார். சுருட்டை வாங்கி ஓர் இழுப்பு இழுத்தார். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வழிய, குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி இருமினார்.

இருமல் சத்தம் கேட்டதும் அடுத்த அறையிலிருந்து விம்பர் துரை ஓடிவந்தார்.

"சண்முகரத்தினம்! தெளிந்துவிட்டீர்! நாளைக்கே வேலையில் சேரலாம்!"