இறால் பெட்டியில் லத்தீன்

புதிதாக எதையாவது படித்துவிட்டால், அதை யார் தலையிலாவது கட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. (இப்போதும்தான். என் மனைவியைக் கேளுங்கள்.)

எழுபதுகளில் ராயபுரத்திலிருந்து பி.யு.சி. படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஆங்கிலப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் லத்தீன் சொற்கள் கிடைத்தன. மாக்னுஸ் என்றால் பெரியது. ஆங்கிலத்தில் பெரிதாக்குவதற்கு 'மேக்னிஃபை' என்பது அதிலிருந்துதான். மினிமுஸ் என்றால் மிகச் சின்னது. அதன் பேரன் 'மினிமம்'. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றுவந்த அம்மாவுக்கு அந்த வாரம் ஒரு வாய்ப்பு வந்தது. வெளிநாட்டுக்கு இறால் அனுப்பும் கம்பெனியின் ஏஜென்ட் சரக்குப் பார்க்கக் கடற்கரைக்கு வருகிறார். பிடித்துப்போனால் தினமும் எங்களிடமே வாங்குவார், தலைச்சுமை ஒழியும். வெளிநாடு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. பெரிய இறால் பெட்டியில் மாக்னுஸ், பொடி இறால் பெட்டியில் மினிமுஸ் என்று ஆங்கில எழுத்தில் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.

ஏஜென்ட் குனிந்தார். இறாலைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மாக்னுஸு?"

"லத்தீன் சார்!" என்று நான் முந்திக்கொண்டேன். "பெரிசுன்னு அர்த்தம்."

அவர் முகம் இறுகியது. எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்தான். பூசையெல்லாம் தமிழுக்கு மாறிய பிறகு, அங்கே லத்தீன் காதில் விழுவது சாவுப் பாட்டில் மட்டும்.

"பெர்சுன்னா பெர்சுன்னு எழுதேன். சாவுப் பாட்டு பாஷை இன்னாத்துக்கு? எறா செத்து எத்தினி நாளாச்சு?"

"காலீல வலையிலேர்ந்து வந்தது நைனா!" என்றாள் அம்மா.

"அப்போ உம்புள்ள எத்த மூடி மறைக்கிறான்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். 'மேக்னிட்யூட்' வரை விளக்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் ஓரடி பின்வாங்கினார். பக்கத்துக் கூடைக்காரி ஸ்டெல்லாக்கா வேறு, "படிச்ச புள்ள, விசயம் இல்லாமலா எழுதிக்கீது?" என்று எண்ணெய் ஊற்றினாள்.

"இப்பப் பாருங்க!" மாக்னுஸ் பெட்டியிலிருந்து ஒரு பச்சை இறாலை எடுத்து, அவர் எதிரிலேயே போய் நின்று, மீசையோடு வாயில் போட்டு மென்று விழுங்கினேன். இறாலில் ஒரு குறையும் இல்லை. குறை என் வயிற்றில். போன வேகத்திலேயே எல்லாம் திரும்பி வந்து ஏஜென்டின் புதுச் செருப்பில் விழுந்தது.

ஆர்டர் ஸ்டெல்லாக்காவுக்குப் போயிற்று. அம்மா மேலும் பல வருஷம் கூடை சுமந்தாள். என்னைத் திட்டவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் காப்பி கொடுத்தாலும் சரி, மாத்திரை கொடுத்தாலும் சரி, "மொதல்ல நீ துண்ணு காட்டு" என்பாள். கல்யாணமான மறுநாளே என் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இன்றும் என்றைக்காவது நான் சமைத்தால், முதல் வாய் எனக்குத்தான். நான் விழுங்கி முடிக்கும் வரை வீட்டில் அத்தனை பேரும் காலை மேலே தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.